பழைய நாணயம் வாங்க எந்த வழி: கண்காட்சி மேசையா, ஏலமா, ஸ்லாபா, இணையமா?

இருபதாயிரம் ரூபாயை ஒதுக்கி வைத்துக்கொண்டு, "பழைய நாணயம் சேர்க்க ஆசை, எங்கே வாங்கினால் ஏமாறாமல் இருக்கலாம்?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். வெள்ளி விலை ஏறியது ஒரு காரணம். தாத்தாவின் பெட்டியில் நான்கு விக்டோரியா ரூபாய்கள் கிடைத்து, அங்கிருந்து ஆர்வம் தொற்றிக்கொண்டவர்களும் உண்டு. எந்த நாணயம் என்று முடிவு செய்யாதவருக்கு எங்கே வாங்குவது என்று சொல்ல முடியாது என்பதுதான் என் முதல் பதில்.

எந்த வழியில் வாங்கினாலும் நாணயத்தோடு இன்னொன்றையும் சேர்த்தே வாங்குகிறோம். வாங்கியது போலி என்று பிறகு தெரிந்தால் இழப்பு யார் தலையில் விழும் என்ற ஏற்பாடுதான் அது. கண்காட்சி மேசையில் அது பெரும்பாலும் நம் தலையில் விழும். ஏலத்தில் விதிமுறைகளைப் பொறுத்து ஏல நிறுவனம் ஒரு பங்கைச் சுமக்கும். தரச்சான்று பெற்று ஸ்லாப் என்னும் மூடிய பெட்டியில் வரும் நாணயத்தில் சான்றளித்த நிறுவனம் சுமக்கும். வாட்ஸ்அப் குழுவில் யாரும் சுமக்க மாட்டார்கள். பொறுப்பைப் பிறர் ஏற்கும்போது அதற்கும் விலை வைப்பார்கள். அந்த விலையைக் கொடுக்கவே தேவையில்லாத நாணயங்கள் ஏராளமாக இருக்கின்றன. அதைக் கொடுக்காமல் தொடவே கூடாத நாணயங்களும் இருக்கின்றன. இரண்டையும் பிரித்து அறிந்தவருக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

கண்காட்சி மேசை

சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி நடத்துவது போன்ற கண்காட்சிகளில் வியாபாரிகள் வரிசையாக மேசை போட்டிருப்பார்கள். கோவை, மதுரை, திருச்சியிலும் சங்கங்கள் நடத்துகின்றன. பெங்களூரு, மும்பை கண்காட்சிகள் இன்னும் பெரியவை. நுழைந்தவுடன் முதல் மேசையிலேயே பணத்தை எடுப்பதுதான் புதியவர்களின் வழக்கம். ஒரு சுற்று முழுக்க நடந்து, ஒரே வகை நாணயத்தைப் பத்துப் பேரிடம் பார்த்து, விலையைக் குறித்துக்கொண்டு, இரண்டாவது சுற்றில் வாங்குவதே சரி. இப்படிப் பத்து நாணயங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வசதி வேறு எந்த வழியிலும் கிடைக்காது. கண்காட்சியின் உண்மையான லாபம் பேரம் பேசுவதில் இல்லை, கண்ணுக்குக் கிடைக்கும் பயிற்சியில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

தொடங்குபவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் நாணயம் பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்தான். கிழக்கிந்தியக் கம்பெனி 1835இல் தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தபோது நிர்ணயித்த எடை 11.66 கிராம். வெள்ளியின் தூய்மை ஆயிரத்துக்கு 917 பங்கு. நான்காம் வில்லியம், விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் என்று மன்னர்கள் மாறியும் இந்த அளவு மாறவில்லை. ஆறாம் ஜார்ஜ் காலத்தில், இரண்டாம் உலகப் போர் நெருக்கடியில், 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை. அது நிக்கல், காந்தம் பிடிக்கும்.

இவ்வளவு தெளிவான அளவு இருப்பதால் இந்த ரூபாயை மேசையிலேயே சோதிக்கலாம். நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சிறிய தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், வெர்னியர் காலிப்பர், சிறு காந்தம் ஆகிய நான்கும் சட்டைப்பையில் அடங்கிவிடும். தராசை எடுத்தால் முகம் சுளிக்கும் வியாபாரியிடம் நேரத்தைச் செலவிடாமல் அடுத்த மேசைக்குப் போய்விடலாம். நல்ல வியாபாரிகள் தங்கள் தராசையே எடுத்துக் கொடுப்பார்கள்.

எடையை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. எடையும் தேய்மானமும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். மகாராணியின் முகம் தேய்ந்து, கிரீடத்தின் கோடுகள் மழுங்கிய ரூபாய் 11.4 கிராம் இருந்தால் வியப்பில்லை. பல கைகள் மாறியதில் வெள்ளி கரைந்திருக்கிறது. ஆனால் கூந்தல் இழைகூடத் தெளிவாகத் தெரியும் ரூபாய் 11.2 கிராம் காட்டினால் அது பொய் சொல்கிறது. அடுத்து விளிம்பு. அச்சில் அடித்த நாணயத்தின் விளிம்புக் கோடுகள் சுற்றிலும் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் ஓடும். வார்ப்பில் செய்த போலியில் எங்காவது கோடுகள் மங்கியிருக்கும். இரண்டு பாதி அச்சுகள் சேர்ந்த தடத்தை அரத்தால் தேய்த்த அடையாளமும் தெரியும். லூப்பில் வெற்றுப் பரப்பைப் பார்த்தால் வார்ப்பின் காற்றுக் குமிழிகள் ஊசி முனைக் குழிகளாகத் தென்படும். எழுத்துகளின் ஓரங்கள் செங்குத்தாக எழாமல், சோப்புக் கட்டியில் எழுதியதுபோல் வழுவழுப்பாக இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு செய்யக்கூடிய சோதனை இன்னும் நம்பகமானது. ரூபாயை உலர்ந்த நிலையில் எடை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, ரூபாயை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்க விடுங்கள். 11.66 கிராம் முழு எடையுள்ள ரூபாய், 1939 வரையிலான நல்ல வெள்ளியானால் தராசு ஏறக்குறைய 1.13 கிராம் காட்டும். 1940 முதல் வந்த பாதி வெள்ளியானால் 1.22 அளவில் நிற்கும். பித்தளை போன்ற உலோகத்தில் வெள்ளி முலாம் பூசியதானால் 1.35ஐ எட்டும். நாணயத்துக்கு ஒரு கீறலும் விழாது. நகைக்கடைகளில் இருக்கும் எக்ஸ்ரே பகுப்பாய்வுக் கருவி பெரும்பாலும் மேற்பரப்பைத்தான் படிக்கிறது. முலாம் தடிமனாக இருந்தால் அது ஏமாறலாம், தண்ணீர் ஏமாறாது. இந்தச் சோதனைக்காகவே, ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்வது அவசியம்.

மேசையில் போலியைவிட அதிகம் சந்திப்பது கெடுக்கப்பட்ட அசல்களைத்தான். நம் வீடுகளில் வெள்ளி ரூபாயைப் பூஜையறையில் வைத்து, ஒவ்வொரு விசேஷத்துக்கும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது வழக்கம். பக்தியில் செய்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்படித் தேய்த்த ரூபாயில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் தெரியும், சேகரிப்பு மதிப்பு அங்கேயே போய்விடுகிறது. இரண்டாவது கெடுதல் காசு மாலை. மாலையில் கோக்க வளையம் பற்றவைத்து, பிறகு வளையத்தை அறுத்து, அரம் போட்டு மறைத்திருப்பார்கள். விளிம்பில் பன்னிரண்டு மணி இருக்கும் இடத்தைக் கவனமாகப் பார்த்தால் கோடுகள் அழிந்த சிறு இடைவெளி இருக்கும். இத்தகைய ரூபாய்களை வெள்ளி விலைக்கு வாங்கலாம், அதற்கு மேல் கொடுக்க வேண்டாம். வெள்ளி விலை என்ன என்பதை மேசைக்குப் போகும் முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 917 தூய்மையுள்ள ரூபாயில் சுமார் 10.7 கிராம் தூய வெள்ளி இருக்கிறது. கிராம் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உலோக மதிப்பு 2,140 ரூபாய். 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் அதில் பாதியைவிடச் சற்றுக் கூடுதல்தான். இரண்டையும் ஒரே தட்டில் போட்டு ஒரே விலை சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

கதைக்கு விலை வைப்பவர்களும் இருக்கிறார்கள். 1911ஆம் ஆண்டு ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த யானை, தும்பிக்கை குட்டையாக அமைந்து பன்றிபோல் தெரிந்ததால் எதிர்ப்பு கிளம்பியது. பெரும்பகுதி திரும்பப் பெறப்பட்டு, 1912இல் யானை திருத்தப்பட்டது. கதை உண்மைதான். ஆனால் அந்த ரூபாய் இன்றும் கண்காட்சிகளில் தேடினால் கிடைக்கும், வியாபாரி சொல்லும் அளவுக்கு அரிதானது இல்லை. இதைவிட மோசமானது, ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்து, மறுபுறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரையும் 1818, 1717, 1616 என்ற ஆண்டுகளையும் போட்டு வரும் "அரை அணா", "ஓர் அணா" வில்லைகள். கம்பெனி இப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. கம்பெனி சென்னையில் வெளியிட்ட நட்சத்திர பகோடா என்ற தங்க நாணயத்தில் பெருமாள் உருவம் இருந்தது உண்மை, அதனால்தான் இந்தப் பொய் எளிதில் எடுபடுகிறது. இவை தனியார் செய்த வில்லைகள். சாமி படம் என்று வீட்டில் வைத்துக்கொள்ளலாம், நாணயம் என்று விலை கொடுக்க வேண்டாம்.

ஏலம்

மும்பை, பெங்களூரு, அகமதாபாத் நகரங்களில் பெரிய நாணய ஏல நிறுவனங்கள் இருக்கின்றன. தோடிவாலா, மருதர் ஆர்ட்ஸ் போன்ற பெயர்கள் சேகரிப்பாளர்களுக்குப் பழக்கமானவை. அச்சிட்ட பட்டியல், தெளிவான படம், எடை, முன்கூட்டிய பார்வை நாள் என்று எல்லாம் ஒழுங்காக நடக்கும். யாருடைய சேகரிப்பிலிருந்து வந்தது என்ற வரலாறும் சில நாணயங்களுக்குக் கிடைக்கும். அரிய நாணயத்துக்கு அந்த வரலாறு பாதி சான்றுக்குச் சமம்.

செலவைப் பற்றிப் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சுத்தியல் விழும் விலை கடைசி விலை அல்ல. அதன்மேல் வாங்குபவர் கட்டணம் என்று ஒரு சதவீதம், வரி, கூரியர், காப்பீடு எல்லாம் சேரும். கட்டணம் 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 10,000 ரூபாய்க்கு எடுத்த நாணயம் வரிக்கு முன்பே 11,500 ஆகிவிடும். எனவே மனதில் இருக்கும் உச்ச விலையிலிருந்து கட்டணங்களைக் கழித்து, மீதியை மட்டுமே கேட்க வேண்டும். போலி என்று நிரூபித்தால் பணம் திரும்பும் என்று பல நிறுவனங்களின் விதிமுறைகளில் எழுதியிருக்கும். எத்தனை நாளுக்குள், யாருடைய கருத்தை ஆதாரமாக ஏற்பார்கள் என்ற இரண்டையும் தேடிப் படித்துவிட்டுக் கேட்கத் தொடங்குங்கள். பல நாணயங்களை ஒரே தொகுப்பாக விற்கும்போது "பார்த்தபடியே விற்பனை" என்று போட்டிருப்பார்கள். தொகுப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடையாது.

வாங்காவிட்டாலும் ஏலம் நமக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. பழைய ஏலங்களின் படங்களும் விற்ற விலைகளும் அந்தந்த நிறுவனங்களின் இணையதளங்களில் கிடைக்கின்றன. கீழை நாட்டு நாணயங்களுக்கு ஜெனோ என்ற திறந்த படத் தொகுப்பும் இருக்கிறது. கண்காட்சிக்குப் போகும் முந்தின இரவு, வாங்க நினைக்கும் நாணயத்தின் பத்துப் பதினைந்து படங்களை இவற்றில் பார்த்துவிட்டுப் போகிறவரை ஏமாற்றுவது கடினம். வியாபாரி சொல்லும் விலைக்கும் உண்மையில் விற்ற விலைக்கும் இருக்கும் தூரமும் அதில் தெரிந்துவிடும். ஏலக் கட்டணம் எதையும் கொடுக்காமல் ஏலத்தின் அறிவை மட்டும் எடுத்துக்கொள்ளும் இந்த வழியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

ஸ்லாப் என்னும் மூடிய பெட்டி

அமெரிக்காவில் 1986இல் பி.சி.ஜி.எஸ். நிறுவனமும், அடுத்த ஆண்டே என்.ஜி.சி. நிறுவனமும் தொடங்கப்பட்டன. நாணயத்தைச் சோதித்து, அசல் என்றால் தரமும் மதிப்பிட்டு, எண் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் மூடித் தருவது இவர்கள் வேலை. வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலே இன்றும் அடிப்படை. 60 அல்லது அதற்கு மேல் என்றால் புழக்கத்துக்கே போகாதது என்று பொருள். தேய்த்துச் சுத்தம் செய்தது, வளையம் பற்றவைத்தது போன்றவற்றுக்கு எண் கொடுக்காமல் குறையைப் பெயர் சொல்லி எழுதிவிடுவார்கள். புளி போட்டுத் தேய்த்த ரூபாய் அங்கே தப்பவே முடியாது.

பொறுப்பை இன்னொருவர் எழுத்தில் ஏற்றுக்கொள்வதுதான் ஸ்லாபின் பலம். சாதாரண நாணயத்துக்கு அது வீண் செலவு என்பது அதன் பலவீனம். 1900ஆம் ஆண்டையொட்டிய புழங்கிய விக்டோரியா ரூபாயைப் பெட்டியில் போட ஆகும் செலவு, ரூபாயின் விலையையே தாண்டிவிடும். பெட்டியைப் பார்த்ததும் நம்பிக் கொடுப்பவர்கள் இருப்பதால் பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள். பெட்டியின் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டால் விவரம் வரும். விவரம் வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். உண்மையான எண்ணைக் களவாடிப் போலிப் பெட்டியில் அச்சிட முடியும் என்பதால், தளத்தில் படம் இருந்தால் அதையும் கையில் இருக்கும் நாணயத்தையும் கீறலுக்குக் கீறல் ஒப்பிட வேண்டும். தொல்பழம் நாணயங்களில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. என்.ஜி.சி.யின் தொல்நாணயப் பிரிவு தருவது தன் கருத்து மட்டுமே. நவீன நாணயங்களுக்குத் தரும் அசல் உத்தரவாதம் அவற்றுக்கு இல்லை. ரோமானியக் காசோ சங்க காலக் காசோ பெட்டியில் இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி நூறு ஆண்டு வயதான நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. ஐந்தாம் ஜார்ஜின் ரூபாய்கள் பலவும் இப்போது அந்த வயதைக் கடந்துவிட்டன. ஆகவே "உங்கள் விக்டோரியா ரூபாயை அமெரிக்காவுக்கு அனுப்பி ஸ்லாப் போட்டு வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அது சேவை இல்லை, சட்ட மீறலுக்கு நம்மைக் கூட்டாளியாக்கும் அழைப்பு. தொல்பொருளில் வணிகம் செய்ய உரிமம் வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. வியாபாரியிடம் உரிமத்தைக் கேட்பதில் தவறே இல்லை.

இணையமும் நாணயச்சாலையும்

இணையத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. கையில் எடுக்க முடியாது, எடை போட முடியாது, படத்தின் வெளிச்சத்தை விற்பவர் தீர்மானிக்கிறார். வாட்ஸ்அப், பேஸ்புக் ஏலக் குழுக்களில் நேர்மையானவர்கள் பலர் இருக்கிறார்கள். கண்காட்சியில் நேரில் பழகி, பில் போட்டு வாங்கிய ஒருவரிடம் பிறகு குழு மூலம் வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. முகம் தெரியாதவரிடம் வாங்குவதை நான் ஏற்க மாட்டேன். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கும், வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் நாணயத்துக்கும் லட்சக்கணக்கில் தருகிறோம் என்று வரும் விளம்பரங்கள் இன்னொரு வகை. முன்பணமாகக் கட்டணமோ வரியோ கேட்பார்கள், அதோடு காணாமல் போவார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இது நடந்ததால், பழைய நோட்டு, நாணய விற்பனைக்காகத் தான் யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது.

நாணயச்சாலையிலிருந்து நேரடியாக வாங்குவதில் போலி என்ற பேச்சுக்கே இடமில்லை. மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத் நாணயச்சாலைகளின் நினைவு நாணயங்களை அரசு நிறுவனமே இணையத்தில் விற்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010ஆம் ஆண்டைப் பொறித்து வந்த ஆயிரம் ரூபாய் வெள்ளி நாணயம் இப்படி வந்ததுதான். பேரக்குழந்தைக்குப் பரிசளிக்க இதைவிட அழகான பொருள் இல்லை. ஆனால் இது புதிய நாணயம். கை மாறிய வரலாறு எதுவும் இதில் இருக்காது. வாங்கிய விலைக்கு மேல் விற்கும் என்ற எண்ணத்தில் வாங்காதீர்கள்.

எந்த நாணயத்துக்கு எந்தக் கதவு

சாதாரண ஆண்டுகளின் வெள்ளி ரூபாய், ஓட்டைக் காலணா, புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசு ஆகிய மூன்றுக்கும் கண்காட்சி மேசையே போதும். விலை குறைவு, கிடைக்கும் எண்ணிக்கை அதிகம், ஒப்பிட ஆள் இருக்கிறது. அம்மன் காசில் ஒருபுறம் அமர்ந்த பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கில் "விஜய" என்ற எழுத்து. கையளவு சிறிய சமஸ்தானம் தன் பெயரில் விட்ட காசு நம் மண்ணின் வரலாற்றுக்கு நேரான நுழைவாயில்.

1939ஆம் ஆண்டு ரூபாய் முற்றிலும் வேறு கதை. 917 வெள்ளியில் வந்த கடைசி ரூபாய் அது, மிக அரிது. 1938ஆம் ஆண்டு ரூபாய் எளிதில் கிடைக்கும். எட்டின் கீழ் வளையத்தில் இடப்பக்கத்தைச் செதுக்கி நீக்கினால் ஒன்பது ஆகிவிடுகிறது. ஏமாற்றின் கொடுமை என்னவென்றால், மற்ற எல்லாம் அசல். எடை சரியாக இருக்கும், தண்ணீர்ச் சோதனையும் தேறும், விளிம்பும் சரியாக இருக்கும். பொய் ஒரே ஒரு இலக்கத்தில் மறைந்திருக்கும். லூப்பில் அந்த இலக்கத்தைச் சுற்றியுள்ள பரப்பு மட்டும் மற்ற இடங்களைவிட வேறு விதமாக மின்னுகிறதா, செதுக்கிய தடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் அனுபவசாலிகளையும் தடுமாற வைக்கும் வேலைப்பாடு சந்தையில் உண்டு. இந்த ஒரு நாணயத்துக்கு, மேசையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன். சரிபார்த்த ஸ்லாபில் வாங்குங்கள், அல்லது திருப்பித் தரும் விதி உள்ள ஏலத்தில் வாங்குங்கள். பொறுப்பேற்பவருக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் இங்கே முழுக்க நியாயமானது.

தங்கத்துக்கும் ஏறக்குறைய இதே விதிதான். 1918இல் மும்பையில் அடிக்கப்பட்ட சவரன் என்ற பிரிட்டிஷ் தங்க நாணயத்தில், புனித ஜார்ஜின் குதிரைக்குக் கீழே, ஆண்டுக்கு மேல் 'ஐ' என்ற சிறு எழுத்து இருக்கும். எடை 7.98 கிராம், 22 காரட். அளவு நிச்சயமாக இருப்பதால் சோதிப்பது எளிதுபோல் தோன்றும். ஆனால் தங்க நாணயத்தில் போலிக்காரர் தங்கத்தையே பயன்படுத்தியிருக்கலாம். உலோகம் தேறிவிடும், அச்சு தேறாது. தங்க விலைக்குக் கிடைத்தால் நகைக்கடைச் சோதனையோடு வாங்கலாம், இழப்பு பெரிதாக இருக்காது. அதற்கு மேல் சேகரிப்பு விலை கேட்டால் ஸ்லாப் வேண்டும். வீரராயன் பணம் போன்ற மிகச் சிறிய தங்கக் காசுகள் அரை கிராம்கூட இருப்பதில்லை. அவற்றைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்கும் திறமை பல ஆண்டுப் பழக்கத்தில்தான் வரும், அதுவரை ஏலம்தான் அவற்றுக்கு உரிய இடம்.

சோழர் செப்புக் காசு பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஒருபுறம் நின்ற உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம், அதன் கைக்கு அருகே நாகரி எழுத்தில் "ஸ்ரீ ராஜராஜ" என்ற பெயர். ஆயிரம் ஆண்டுப் பழமையான இந்தக் காசு இன்றும் பல கண்காட்சிகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இலங்கையிலும் இதே வடிவக் காசுகள் பெருமளவில் புழங்கின. யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட, "சேது" என்று தமிழில் பொறித்த காசுகளிலும் இந்த உருவ அமைப்பின் தொடர்ச்சியைக் காணலாம். மலிவாகவும் ஏராளமாகவும் கிடைப்பதால் தேய்ந்த ராஜராஜன் காசைப் போலி செய்ய யாருக்கும் பெரிய தூண்டுதல் இல்லை. எனவே மேசையிலேயே துணிந்து வாங்கலாம். பச்சைக் களிம்பு இறுகிப் பிடித்திருப்பது நல்ல அறிகுறி. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தால் மேலே பூசியதாக இருக்கலாம், அல்லது காசையே தின்னும் அரிப்பாக இருக்கலாம். இரண்டுமே வேண்டாம்.

சங்க காலக் காசு அப்படி இல்லை. பாண்டியன் பெருவழுதியின் பெயர் பொறித்த காசை நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்டு வெளியிட்டதும், கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் மாக்கோதை, கொல்லிப்பொறை போன்ற சேரர் பெயர் பொறித்த காசுகள் கிடைத்ததும் தமிழக வரலாற்றையே தெளிவாக்கிய நிகழ்வுகள். அதனாலேயே பெயர் உள்ள காசுக்கும் பெயர் இல்லாத காசுக்கும் விலை வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. தேய்ந்த காசில் நாலு பிராமி எழுத்துகளைக் கீறிச் சேர்த்துவிடும் ஆசை வருவது இங்கேதான். இவற்றுக்குச் சீரான எடை கிடையாது, தராசு உதவாது. எழுத்தின் பள்ளத்திலும் மேட்டிலும் களிம்பு ஒரே நிறமாக இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது, அதற்கும் பயிற்சி வேண்டும். "நேற்றுதான் ஆற்றில் கிடைத்தது" என்று சொல்லி விற்பவரிடம் அசலாக இருந்தாலும் வாங்கக் கூடாது. மண்ணில் புதைந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. சட்டத்தையும் தாண்டி, எந்த அடுக்கில், எந்தப் பானையோடு கிடைத்தது என்ற தகவலை இழந்த காசு வரலாற்றுக்கு ஊமையாகிவிடுகிறது. அந்த இழப்பில் பணம் கொடுப்பவருக்கும் பங்கு உண்டு. சங்கக் காசைப் பார்த்துப் பழக எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயக் கூடம் இருக்கிறது. பழைய சேகரிப்பு ஒன்று ஏலத்துக்கு வரும்போது, வரலாறோடு வருவதை வாங்கக் காத்திருக்கலாம்.

அந்த இருபதாயிரத்தை என்னிடம் கேட்டால் இப்படிப் பிரிப்பேன். தராசு, லூப், காலிப்பர், காந்தம் வாங்க இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகாது. நாணயச் சேகரிப்பாளர் சங்கத்தில் உறுப்பினராகச் சேருங்கள். கூட்டத்தில் ஒரு மூத்த சேகரிப்பாளரின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் நாணயங்களைத் திருப்பிப் பார்க்கும் விதத்தைக் கவனிப்பதற்கு விலையே இல்லை. பத்தாயிரத்துக்குக் கண்காட்சியில் நல்ல நிலையில் உள்ள மூன்று அல்லது நான்கு வெள்ளி ரூபாய்களை, மன்னருக்கு ஒன்றாக வாங்குங்கள். ஆயிரத்துக்குச் சோழர் செப்புக் காசும் அம்மன் காசும். மீதி ஏழாயிரத்தைத் தொடாமல் வைத்திருந்து, ஓராண்டு ஏலப் பட்டியல்களைப் படித்த பிறகு, நீங்களே தேர்ந்த ஒரு நாணயத்துக்கு ஏலத்தில் கை தூக்குங்கள். ஸ்லாப் முதல் ஆண்டில் தேவையில்லை.

மேசையில் வாங்கும் ஒவ்வொன்றுக்கும் பில்லில் மன்னர் பெயர், ஆண்டு, எடை, "அசல், போலி எனில் முழுத் தொகை திரும்பத் தரப்படும்" என்ற வாசகம், தேதி, வியாபாரியின் முகவரி ஆகியவை இருக்க வேண்டும். கண்காட்சி முடிந்து மேசைகள் மடிக்கப்பட்ட பிறகு அந்தத் தாள் ஒன்றுதான் உங்களுக்கும் அவருக்கும் நடுவே மிஞ்சும். அதை எழுதித் தரத் தயங்குபவரிடம் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் எதையும் வாங்க வேண்டாம்.